மெக்கிளெல்லன் வென்றிருந்தால்? 1864 அமெரிக்கத் தேர்தலும் நாற்பது லட்சம் பேரின் விடுதலையும்

1864 ஆகஸ்ட் 23, செவ்வாய்க்கிழமை. ஒன்றியத்திலிருந்து பிரிந்துசென்ற, அடிமைமுறையைக் கொண்ட தென்னக மாநிலங்களோடு வடக்கு நடத்திய உள்நாட்டுப் போரின் நான்காம் ஆண்டு. அன்று கூடிய அமைச்சரவையின் முன் ஆபிரகாம் லிங்கன் மடித்து ஒட்டிய ஒரு தாளை வைத்து, அதன் பின்புறத்தில் கையெழுத்திடும்படி கேட்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. அமைச்சர்களும் படிக்காமலேயே ஒப்பமிட்டார்கள். அந்தத் தாளில் லிங்கன் எழுதியிருந்ததன் சாரம் இது: தம் அரசு மீண்டும் தேர்ந்தெடுக்கப்படாமல் போவதற்கே வாய்ப்பு மிகுதி என்று சில நாட்களாகத் தோன்றுகிறது. அப்படி நேர்ந்தால், தேர்தலுக்கும் பதவியேற்புக்கும் இடைப்பட்ட காலத்துக்குள் புதிய குடியரசுத் தலைவருடன் ஒத்துழைத்து ஒன்றியத்தைக் காப்பாற்றுவது தம் கடமை. ஏனெனில், எந்த வாக்குறுதிகளைக் கொடுத்து அவர் வென்றிருப்பாரோ அந்த வாக்குறுதிகளே பின்னர் அதைக் காப்பாற்ற அவரை விடமாட்டா.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கத் தேர்தல்களை வைத்து மாற்று வரலாறு எழுதுகிறவர்கள் அடிக்கடி திரும்பி வரும் இடம் 1864. லிங்கன் தோற்று, ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரான தளபதி ஜார்ஜ் மெக்கிளெல்லன் வென்றிருந்தால் அமெரிக்கா இரண்டாகப் பிரிந்திருக்குமா என்பதே அவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. அந்தக் கேள்வி தவறானது என்று நான் கருதவில்லை. ஆனால் அது முதன்மையான கேள்வி அல்ல. நாடு பிரியாமல் ஒன்றாகவே இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அந்த ஒன்றுபட்ட நாட்டில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்திருக்குமா என்பதில்தான் அந்தத் தேர்தலின் உண்மையான பணயம் இருந்தது. மாற்று வரலாற்றின் பயனும் இங்கேதான்: நடந்து முடிந்ததால் இயல்பானதாகத் தோன்றும் ஒரு நிகழ்வு எத்தனை மெல்லிய நூலில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதை அது காட்டித் தருகிறது.

முதலில் எண்களைப் பார்ப்போம். 1864 நவம்பர் 8 அன்று நடந்த தேர்தலில் லிங்கன் ஏறத்தாழ 22 லட்சம் வாக்குகளும் மெக்கிளெல்லன் ஏறத்தாழ 18 லட்சம் வாக்குகளும் பெற்றார்கள். மாநிலவாரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, குடியரசுத் தலைவரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் வாக்குகளில் வேறுபாடு இன்னும் பெரியது: லிங்கனுக்கு 212, மெக்கிளெல்லனுக்கு 21. கென்டக்கி, நியூ ஜெர்சி, டெலவேர் ஆகிய மூன்று மாநிலங்கள் மட்டுமே மெக்கிளெல்லன் பக்கம் நின்றன. மேலோட்டமாகப் பார்த்தால் மாற்று வரலாற்றுக்கே இங்கு இடமில்லை என்று தோன்றும். மாநிலவாரியாகப் பார்க்கும்போது காட்சி மாறுகிறது. 33 தேர்வாளர்களைக் கொண்ட நியூயார்க்கில், ஏழேகால் லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் லிங்கன் பெற்ற முன்னிலை ஏழாயிரத்தைக்கூட எட்டவில்லை. கனெக்டிகட்டில் அது சுமார் 2,400. 26 தேர்வாளர்களைக் கொண்ட பென்சில்வேனியாவிலும், 13 தேர்வாளர்களைக் கொண்ட இந்தியானாவிலும் ஏறக்குறைய இருபதாயிரம். 16 தேர்வாளர்களைக் கொண்ட இல்லினாயில் முப்பதாயிரத்துக்குச் சற்று மேல். இந்த ஐந்தோடு நியூ ஹாம்ப்ஷயரும் ஓரிகானும் சேர்ந்து கைமாறியிருந்தால் மெக்கிளெல்லனின் கணக்கு 123 ஆகி, பெரும்பான்மையைக் கடந்திருக்கும். அதற்கு நூறு வாக்காளர்களில் ஐந்து பேர் மனம் மாறியிருந்தாலே போதும். நாடு தழுவிய மொத்த வாக்கில் லிங்கனே சற்று முன்னே நின்று, தேர்வாளர் அவையில் தோற்றிருக்கவும் கூடும்.

ஆனால் வாக்கு எண்ணிக்கையை மட்டும் மாற்றிவிட்டு மற்ற அனைத்தையும் இருந்தபடியே விட்டுவிடுவது மாற்று வரலாறு ஆகாது. நூற்றில் ஐந்து பேர் ஏன் மனம் மாறினார்கள் என்பதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும். சொல்லும் காரணம் வாக்குச்சாவடியோடு நின்றுவிடாது; போர்முனையையும், நாடாளுமன்றத்தையும், மெக்கிளெல்லன் எழுதும் கடிதங்களையும்கூட அது மாற்றும். இந்த ஒழுங்கைக் கைவிட்ட கற்பனைகள் பெரும்பாலும் ஒன்றியத் தளபதி ஷெர்மன் ஜார்ஜியாவின் அட்லாண்டா நகரைப் பிடித்த பிறகும் லிங்கனைத் தோற்கடிக்கின்றன. அப்படியொரு தோல்விக்கு எந்தத் தூண்டுதலும் இருந்திருக்காது.

லிங்கனை நம்பிக்கை இழக்கச் செய்த அந்தக் கோடைக்காலம் உண்மையிலேயே கொடியது. மே மாதத் தொடக்கத்தில் வர்ஜீனியாவுக்குள் நுழைந்த ஒன்றியத் தளபதி யுலிசீஸ் கிராண்டின் படை, ஆறு வாரங்களில் ஏறத்தாழ 55,000 பேரை இழந்தது. கொல்லப்பட்டவர்கள், காயமுற்றவர்கள், சிறைபிடிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இதில் அடக்கம். இவ்வளவுக்குப் பிறகும் தென்னகத்தின் தலைநகரான ரிச்மண்ட் விழவில்லை. பீட்டர்ஸ்பர்க் நகருக்கு வெளியே பதுங்குகுழிகளில் போர் உறைந்து நின்றது. ஜூலை 11, 12 தேதிகளில் ஜூபல் ஏர்லியின் தென்னகப் படை தலைநகர் வாஷிங்டனின் அரண்கள்வரை வந்துவிட்டுத் திரும்பியது. ஜூலை 18 அன்று லிங்கன் மேலும் ஐந்து லட்சம் படைவீரர்களைக் கோரி அறிவிப்பு வெளியிட்டார். தேர்தல் ஆண்டில் எந்த அரசியல்வாதியும் விரும்பிச் செய்யாத செயல் அது. அதே நாளில், அமைதிப் பேச்சுக்கு முன்வருபவர்கள் ஒன்றியத்தின் ஒருமைப்பாட்டை மட்டுமல்ல, அடிமைமுறையைக் கைவிடுவதையும் ஏற்க வேண்டும் என்று அவர் எழுதிய கடிதம் வெளியானதும், வடக்கின் வெள்ளையினத்தவரைக் கறுப்பினத்தவருக்காகச் சாகச் சொல்கிறார் என்ற பிரசாரத்தை எதிர்க்கட்சி முழுவீச்சில் தொடங்கியது.

ஆகஸ்ட் 22 அன்று, லிங்கனின் கட்சியின் தேசியக் குழுத் தலைவரும் பத்திரிகை ஆசிரியருமான ஹென்றி ரேமண்ட், இன்று தேர்தல் நடந்தால் இல்லினாயும் பென்சில்வேனியாவும் இந்தியானாவும் கைவிட்டுப் போகும் என்று லிங்கனுக்கு எழுதினார். அரசியலமைப்பின் மேலாண்மையை ஏற்றால் போதும், மற்றவற்றைப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தென்னகத்தின் தலைவரான ஜெஃபர்சன் டேவிஸிடம் தூது அனுப்பும்படியும் அவர் யோசனை கூறினார். ‘மற்றவை’ என்ற சொல்லுக்குள் அடிமைகளின் விடுதலை அடங்கியிருந்தது. லிங்கன் அதற்கான வரைவைக்கூட எழுதிப் பார்த்தார். பின்னர், அப்படிச் செய்வது தேர்தலில் தோற்பதைவிட மோசமானது என்று விலக்கினார். லிங்கனை விலக்கி வேறொருவரை நிறுத்த, செப்டம்பர் 28 அன்று சின்சினாட்டியில் புதிய மாநாடு கூட்டும் முயற்சியும் கட்சிக்குள் மறைவாக நடந்துகொண்டிருந்தது.

இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் புரட்டிப் போட்டது அட்லாண்டா. செப்டம்பர் 1 இரவு தென்னகத் தளபதி ஜான் பெல் ஹூடின் படை நகரைக் காலி செய்தது. மறுநாள் ஷெர்மனின் வீரர்கள் உள்ளே நுழைந்தார்கள். போரின் போக்கைப் பார்த்து முடிவெடுக்கலாம் என்று ஜூலை 4-இலிருந்து ஆகஸ்ட் 29-க்குத் தள்ளிவைக்கப்பட்ட ஜனநாயகக் கட்சி மாநாடு, போர் தோல்வியுற்ற ஒரு சோதனை என்று அறிவித்துவிட்டுக் கலைந்து சில நாட்கள்கூட ஆகவில்லை. எனவே இந்தத் தேர்தலுக்குப் பொருத்தமான திருப்புமுனையைத் தேடுகிறவர் அட்லாண்டாவுக்கு வெளியே செல்லும் ரயில் பாதைகளில் தேடுவதே முறை.

அங்கே ஒரு நல்ல திருப்புமுனை இருக்கவும் செய்கிறது. ஆகஸ்ட் 10 அன்று ஹூட், ஷெர்மனுக்கு வடக்கிலிருந்து உணவும் வெடிமருந்தும் கொண்டுவந்த ரயில் பாதையை அறுக்கும்படி, ஜோசப் வீலரின் தலைமையில் தம் குதிரைப்படையின் பெரும்பகுதியை அனுப்பிவிட்டார். பதினைந்து நாட்களுக்குப் பிறகு ஷெர்மன் தம் படையின் பெரும்பகுதியைப் பதுங்குகுழிகளிலிருந்து விலக்கிக்கொண்டு நகரின் தென்மேற்கே வளைந்து சென்றபோது, அதைக் கண்டு சொல்லப் போதிய குதிரைவீரர்கள் ஹூடிடம் இல்லை. உணவின்றி எதிரி பின்வாங்கிவிட்டான் என்றே அட்லாண்டா கொண்டாடியது. உண்மை தெரிந்து அவர் அனுப்பிய படை ஜோன்ஸ்பரோவில் முறியடிக்கப்பட்டது. மேக்கன் நகரை நோக்கிச் செல்லும் கடைசி ரயில் பாதையும் அறுந்தது. வீலர் அருகிலேயே இருந்திருந்தால் ஷெர்மனின் நகர்வு முன்கூட்டியே தெரிந்து, ஹூட் வலுவான அரண்களோடு அந்தப் பாதையை மறித்திருக்கக்கூடும். ஷெர்மனை அவர் தோற்கடிக்க வேண்டியதில்லை. பத்து வாரங்கள் தாமதப்படுத்தியிருந்தாலே போதும். இரண்டு மாதங்களுக்கும் மேலாகச் பதுங்குகுழியும் மண்மேடுமாகப் பின்வாங்கியே ஷெர்மனைத் தாமதப்படுத்திய ஜோசப் ஜான்ஸ்டனை டேவிஸ் ஜூலை 17 அன்று பதவி நீக்கம் செய்யாமல் இருந்திருந்தால் என்ற மற்றொரு வழியையும் சிலர் விரும்புவார்கள். நான் வீலரையே தேர்ந்தெடுப்பேன். சிறிய மாற்றமாக இருப்பதால் மற்றவற்றைக் கலைக்காமல் விடுகிறது.

அட்லாண்டா நவம்பர் வரை தாக்குப்பிடித்திருந்தால் லிங்கன் கட்டாயம் தோற்றிருப்பாரா? அதை உறுதியாகச் சொல்ல நான் தயங்குகிறேன். ஆகஸ்ட் 5 அன்று ஒன்றியக் கடற்படைத் தளபதி டேவிட் ஃபராகட் மொபைல் விரிகுடாவைக் கைப்பற்றியது மாறாது. ஷெனண்டோவா பள்ளத்தாக்கில் செப்டம்பர் 19 அன்றும் அக்டோபர் 19 அன்றும் ஒன்றியத் தளபதி பிலிப் ஷெரிடன் பெற்ற வெற்றிகளுக்கு அட்லாண்டாவோடு நேரடித் தொடர்பில்லை. போர்முனையிலேயே வாக்களிக்கத் தங்கள் மாநிலங்களால் அனுமதிக்கப்பட்ட வீரர்களின் வாக்குகளில், தனியாக எண்ணப்பட்டவற்றில், நான்கில் மூன்று பங்குக்கு மேல் லிங்கனுக்கே விழுந்தன. ஒரு காலத்தில் மெக்கிளெல்லனைத் தெய்வமாகக் கொண்டாடிய படையும் அதில் சேர்த்தி. மறுபக்கம், முடிவு தெரியாத இரண்டு முற்றுகைகளோடு, தீவிரக் குடியரசுக் கட்சியினரின் தனி வேட்பாளராக நின்ற ஜான் ஃபிரெமான்ட்டும் களத்திலிருந்து விலகாமல் இருந்திருப்பார். அவர் உண்மையில் விலகியது அட்லாண்டா விழுந்த பின், செப்டம்பர் 22 அன்றுதான். என் கணிப்பில் இது நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்கு ஒப்பான தேர்தலாகியிருக்கும். நாணயம் மெக்கிளெல்லன் பக்கம் விழுந்ததாகக் கொள்வோம்.

அப்போதும் போர் உடனே நின்றுவிடாது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அக்கால விதிப்படி புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்பது மார்ச் 4 அன்று. ஏறத்தாழ நான்கு மாதங்கள் முழு அதிகாரமும் லிங்கனின் கையிலேயே இருக்கும். அவர் என்ன செய்திருப்பார் என்பதை நாம் ஊகிக்க வேண்டியதில்லை. நவம்பர் 11 அன்று, வெற்றி உறுதியான பின், அந்த ஒட்டிய தாளைப் பிரித்து அமைச்சர்களுக்குப் படித்துக் காட்டியபோது அவரே சொன்னார்: மெக்கிளெல்லனை நேரில் சந்தித்து, மக்களிடம் உங்களுக்குச் செல்வாக்கு, என்னிடம் அரசின் அதிகாரம், இரண்டையும் சேர்த்து நாட்டைக் காப்போம், உங்களால் முடிந்த அளவு வீரர்களைத் திரட்டித் தாருங்கள் என்று கேட்டிருப்பாராம். வெளியுறவு அமைச்சர் வில்லியம் சீவர்டு, அவர் ஆகட்டும் ஆகட்டும் என்பார், மறுநாளும் அதையேதான் சொல்வார், ஒன்றும் நடக்காது என்றார். தம் மனச்சாட்சிக்கு முன்னாவது நிமிர்ந்து நின்றிருப்பேன் என்பது லிங்கனின் பதில். 1862-இல் ஒன்றியப் படையை நடத்திய மெக்கிளெல்லனின் தயக்கத்தால் பட்ட பாடு அனைவருக்கும் நினைவிருந்தது. சீவர்டு சொன்னதே நடந்திருக்கும் என்று நானும் நினைக்கிறேன். ஆனால் லிங்கனுக்கு மெக்கிளெல்லனின் ஒப்புதல் தேவைப்பட்டிருக்காது. கிராண்டும் ஷெர்மனும் குளிர்காலம் முழுவதும் தாக்கியிருப்பார்கள்.

உண்மை வரலாற்றில் தென்னகத் தளபதி ராபர்ட் லீ சரணடைந்தது 1865 ஏப்ரல் 9 அன்று, அதாவது பதவியேற்புக்கு 36 நாட்களுக்குப் பிறகு. நம் கற்பனையில் அட்லாண்டா இரண்டு மாதம் பிந்தி விழுவதால், ஜார்ஜியா வழியாகக் கடலை நோக்கிய ஷெர்மனின் பயணமும் தள்ளிப்போகும். மார்ச் 4 அன்று தென்னகம் நலிந்திருக்கும், ஆனால் வீழ்ந்திருக்காது. அந்த நிலையில் முப்பத்தெட்டு வயது மெக்கிளெல்லன், அமெரிக்க வரலாற்றிலேயே மிக இளைய குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றிருப்பார்.

அவர் என்ன செய்திருப்பார் என்பதற்கு இரண்டு ஆவணங்கள் உள்ளன. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன. ஒன்று, ஒஹையோவின் கிளெமென்ட் வலாண்டிகம் செல்வாக்கோடு சிகாகோவில் நிறைவேறிய கட்சி அறிக்கை. நான்கு ஆண்டுப் போர்ச் சோதனை தோற்றுவிட்டது, உடனடியாகச் சண்டையை நிறுத்தி மாநிலங்களின் மாநாட்டைக் கூட்ட வேண்டும் என்றது. மற்றொன்று, செப்டம்பர் 8 தேதியிட்ட மெக்கிளெல்லனின் ஏற்புக் கடிதம். ஒன்றியத்தை மீட்காமல் அமைதி இல்லை, போர்களில் உயிர்தப்பிய தோழர்களின் முகத்தில் விழிக்க முடியாது என்று அவர் அதில் உறுதியாக எழுதினார். ஆனால் அந்தக் கடிதம் அட்லாண்டாவின் வீழ்ச்சிக்குப் பிறகு இறுதியானது. முந்தைய வரைவுகள் போர்நிறுத்தத்துக்கு அதிக இடம் கொடுத்தன. அட்லாண்டா விழாத உலகில் வெளியாகும் கடிதம் இதைவிட மென்மையாகவே இருந்திருக்கும் என்பதை மாற்று வரலாற்றாளர்கள் கணக்கில் கொள்வதில்லை.

போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டாலும் டேவிஸ் ஒன்றியத்துக்குத் திரும்ப ஒப்பியிருக்கமாட்டார். சுதந்திரம் அல்லது அழிவு என்ற நிலையில் தாம் நிற்பதை அந்த ஜூலையிலேயே வடக்கிலிருந்து வந்த இரு தூதர்களிடம் அவர் தெளிவுபடுத்தியிருந்தார். எனவே டேவிஸோடு பேசி முடிக்கும் அமைதி என்பது நடக்காத காரியம். மெக்கிளெல்லன் மீண்டும் போரைத் தொடர்ந்திருப்பார் என்று நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. நான் கவனிக்க விரும்புவது அவருடைய கடிதத்தில் அதிகம் பேசப்படாத ஒரு தொடர். எந்த ஒரு மாநிலமாவது ஒன்றியத்துக்குத் திரும்ப முன்வந்தால், அதன் அரசியலமைப்பு உரிமைகள் அனைத்துக்கும் முழு உத்தரவாதத்துடன் அதை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவர் எழுதினார். மாநிலம் மாநிலமாகத் தென்னகத்தைக் கரைத்து எடுக்கும் திட்டம் அது. அதற்கான பிளவுகளும் இருந்தன. ஜார்ஜியாவின் ஆளுநர் ஜோசப் பிரவுனும், அதே மாநிலத்தவரும் தென்னகத்தின் துணைத் தலைவருமான அலெக்சாண்டர் ஸ்டீஃபன்ஸும் டேவிஸோடு வெளிப்படையாகவே முரண்பட்டிருந்தார்கள். சிகாகோ அறிக்கையைப் போர் தொடங்கியதிலிருந்து கண்ட முதல் வெளிச்சக் கீற்றாக ஸ்டீஃபன்ஸ் வரவேற்றார். வட கரோலினாவிலும் தனி அமைதி கோரிய இயக்கம் இருந்தது. உணவும் வீரர்களும் அற்றுப்போன 1865 வசந்தத்தில், அடிமைகளைக் கைவிடாமலேயே திரும்பலாம் என்ற கதவு திறந்திருந்தால், ஜார்ஜியாவின் தோட்ட உடைமையாளர்கள் எத்தனை நாள் ரிச்மண்டுக்கு விசுவாசமாக இருந்திருப்பார்கள்?

‘அரசியலமைப்பு உரிமைகள்’ என்ற சொல்லை 1864-இல் படித்த எவருக்கும் அதன் பொருள் தெரியும். அடிமைகளை உடைமையாக வைத்திருக்கும் உரிமை அது. மெக்கிளெல்லன் இதில் மறைத்துப் பேசவில்லை. 1862 ஜூலையில் படைமுகாமிலிருந்தே லிங்கனுக்கு எழுதிய கடிதத்தில், இராணுவம் அடிமை உறவுகளில் தலையிடக் கூடாது என்று வலியுறுத்தியவர் அவர். ஆகவே அவருடைய வெற்றியில் ஒன்றியம் பிழைத்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது. பிழைத்திருக்கும் ஒன்றியம் எது என்பதைத் தீர்மானிப்பது அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம். கணக்கை மெதுவாகப் போட்டுப் பார்க்க வேண்டிய இடம் இது.

அடிமைமுறையை நாடு முழுவதும் ஒழிக்கும் அந்தத் திருத்தம் 1864 ஏப்ரல் 8 அன்று செனட்டில் நிறைவேறியது. ஜூன் 15 அன்று பிரதிநிதிகள் அவையில் 93-க்கு 65 என்ற வாக்கில் மூன்றில் இரண்டு பங்கைப் பெறாமல் தோற்றது. நவம்பர் வெற்றிக்குப் பிறகு, மக்கள் தீர்ப்பளித்துவிட்டார்கள், அடுத்த அவை எப்படியும் இதை நிறைவேற்றும், ஏன் காத்திருக்க வேண்டும் என்று லிங்கன் டிசம்பர் உரையில் அதே அவையிடம் கேட்டார். 1865 ஜனவரி 31 அன்று 119-க்கு 56 என்ற வாக்கில் அது நிறைவேறியது. மூன்றே உறுப்பினர்கள் பக்கம் மாறியிருந்தாலும் தோற்றிருக்கும். ஆதரித்தவர்களில் ஜனநாயகக் கட்சியினர் 16 பேர். தங்கள் கட்சியின் தலைவர் வெள்ளை மாளிகைக்குள் நுழைய ஐந்து வாரங்களே இருக்கும் நிலையில் இந்தப் பதினாறு பேரும் கட்சியை மீறியிருப்பார்கள் என்று எண்ண எந்தக் காரணமும் இல்லை. லிங்கனைத் தோற்கடிக்கும் அதே காற்று பிரதிநிதிகள் அவைத் தேர்தலிலும் வீசியிருக்கும் என்பதால், அடுத்த அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்திருக்காது.

எப்படியோ நிறைவேறியது என்றே வைத்துக்கொண்டாலும் அடுத்த தடை இன்னும் கடினமானது. நாட்டில் அப்போது 36 மாநிலங்கள். திருத்தம் நடைமுறைக்கு வர 27 மாநிலங்கள் ஒப்ப வேண்டும். பத்து மாநிலங்கள் மறுத்தால் முடிந்தது. பிரிந்து சென்றவையே பதினொன்று. 1865 டிசம்பர் 6 அன்று உண்மையில் எட்டப்பட்ட 27-இல் எட்டு மாநிலங்கள் முன்னாள் தென்னகக் கூட்டமைப்பைச் சேர்ந்தவை. சிலவற்றில் லிங்கனின் ஏற்பாட்டில் ஒன்றியப் படையின் பாதுகாப்பில் அமைந்த அரசுகள் ஒப்பின. மற்றவை தோல்விக்குப் பிறகு, ஒன்றியத்தில் மீண்டும் இடம்பெறுவதற்கான நிபந்தனையாக ஒப்பின. முழு உரிமையோடு திரும்பும் மாநிலங்கள் அப்படி ஒப்பியிருக்குமா? இதில் என்னை மிகவும் உலுக்கிய ஒரு பொருத்தத்தையும் சொல்லியாக வேண்டும்: 1865 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இந்தத் திருத்தத்தை நிராகரித்த விசுவாச மாநிலங்கள் டெலவேர், கென்டக்கி, நியூ ஜெர்சி. மெக்கிளெல்லன் வென்ற அதே மூன்று மாநிலங்கள்.

திருத்தம் இல்லையென்றால் எஞ்சுவது, கிளர்ச்சி செய்த பகுதிகளின் அடிமைகளை விடுவிப்பதாக லிங்கன் அறிவித்த 1863-இன் விடுதலைப் பிரகடனம். போர்க்கால அதிகாரத்தில் பிறந்த ஆணை அது. போர் முடிந்தபின் அதன் சட்ட வலிமை என்ன என்பது திறந்த கேள்வியாகவே இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றிருந்தால், அங்கே ஒரு சிறு நல்வாய்ப்பு இருந்தது. கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்று 1857-இல் தீர்ப்பெழுதிய தலைமை நீதிபதி ரோஜர் டானி 1864 அக்டோபர் 12 அன்று இறந்துவிட்டார். அந்த இடத்துக்கு அடிமைமுறையின் எதிரியான சால்மன் சேஸை லிங்கன் டிசம்பரில் நியமித்தார். தோற்றிருந்தாலும் இந்த நியமனத்தை அவர் செய்திருக்க முடியும். டானி இறந்த அந்த நாட்களில்தான் அவருடைய சொந்த மாநிலமான மேரிலாந்து, அடிமைமுறையை ஒழிக்கும் புதிய மாநில அரசியலமைப்புக்கு வாக்களித்துக்கொண்டிருந்தது; அது வென்றது 375 வாக்குகளில், அதுவும் படைவீரர்களின் வாக்குகளால். மேரிலாந்தும் மிசூரியும் எப்படியும் தப்பியிருக்கும் என்று நம்பலாம். ஜார்ஜியாவையும் டெக்சஸையும் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

ஏற்கெனவே விடுதலை பெற்றவர்களைப் பிடித்து ஒப்படைக்க மெக்கிளெல்லன் ஆணையிட்டிருப்பாரா? எனக்கு அது நடந்திருக்கும் என்று தோன்றவில்லை. போர் முழுவதிலும் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் ஒன்றியப் படையில் பணியாற்றினார்கள். துப்பாக்கி ஏந்திய அவர்களைத் திருப்பி அனுப்ப எந்த அரசாலும் இயலாது. அந்தப் படையைக் கலைத்தால் மூன்று வாரங்களில் போரையே கைவிட நேரும் என்று லிங்கன் அந்த ஆகஸ்டில் சொன்னது வெற்றுப் பேச்சல்ல. ஆனால் வீரர்களைத் தவிர்த்த மற்றவர்களின் நிலை வேறு. 1860 கணக்கெடுப்பின்படி அடிமைகள் ஏறத்தாழ நாற்பது லட்சம். அவர்களில் பெரும்பாலோர் 1865 தொடக்கத்திலும் ஒன்றியப் படை எட்டாத தோட்டங்களிலேயே இருந்தார்கள். படை எதுவரை சென்றதோ அதுவரையே விடுதலை. போர்நிறுத்தக் கோடு எங்கே வரையப்படுகிறதோ அங்கே அது நின்றிருக்கும். அதன் பிறகு இழப்பீடு, படிப்படியான ஒழிப்பு, மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும் சட்டங்கள் என்று அது எத்தனை பத்தாண்டுகள் இழுத்திருக்கும் என்பதை யாரால் சொல்ல முடியும்? வென்ற பிறகும்கூட லிங்கன் இந்த அச்சத்தை மனத்தில் வைத்திருந்தார். விடுதலை பெற்றவர்களை மீண்டும் அடிமைப்படுத்துவதைக் குடியரசுத் தலைவரின் கடமையாக மக்கள் ஆக்கினால், அதை நிறைவேற்றும் கருவி நானாக இருக்கமாட்டேன், வேறொருவரைத் தேடிக்கொள்ளுங்கள் என்று அதே டிசம்பர் உரையில் எழுதினார்.

இந்தக் கோடு எங்கே விழும் என்பதை 1864 ஆகஸ்டிலேயே அவர் யோசித்தார் என்பதற்குச் சான்று இருக்கிறது. ஒட்டிய தாளுக்கு நான்கு நாட்கள் முன்பு, ஆகஸ்ட் 19 அன்று, அடிமைநிலையிலிருந்து தப்பிவந்து நாடறிந்த பேச்சாளராக உயர்ந்த ஃபிரெடரிக் டக்ளஸை அவர் வரவழைத்தார். எதிர்பார்த்த எண்ணிக்கையில் அடிமைகள் நம் பக்கம் வந்து சேரவில்லையே என்று கேட்டார். அப்படியொரு பிரகடனம் இருப்பதையே உடைமையாளர்கள் அவர்களிடமிருந்து மறைத்துவிடுகிறார்கள் என்றார் டக்ளஸ். அப்படியானால், அமைதி வந்து கதவு மூடுவதற்கு முன், தோட்டங்களுக்குள் ஊடுருவிச் செய்தியைப் பரப்பி, இயன்றவரை அதிகமானோரை ஒன்றியப் படையின் எல்லைக்குள் அழைத்துவர ஒரு வழி சொல்லுங்கள் என்று லிங்கன் கேட்டுக்கொண்டார். தன் தோல்வியை முன்கூட்டியே கணக்கிட்டு, அதற்குள் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும் என்று ஓர் அரசுத் தலைவர் திட்டமிட்ட வேறொரு தருணம் என் நினைவுக்கு வரவில்லை.

டக்ளஸ் கலந்தாலோசித்துத் தம் பதிலை எழுதினார். ஒரு பொது முகவர், அவருக்குக் கீழே இந்த நோக்கத்தில் மனம் ஊன்றிய இருபத்தைந்து பேரோ அதற்கு மேலோ, அவர்களுக்குத் துணையாகத் தெற்கின் நிலமும் வழியும் அறிந்த ஆட்கள், தப்பிவந்தவர்களுக்கு உணவும் தங்குமிடமும் என்று நடைமுறை விவரங்களோடு அமைந்த கடிதம் அது. அதன் தேதி ஆகஸ்ட் 29. சிகாகோவில் ஜனநாயகக் கட்சியின் மாநாடு கூடியதும் அதே நாளில்தான். நான்கு நாட்களில் அட்லாண்டா விழுந்தது. அந்த முகவர்களில் ஒருவரைக்கூட அனுப்ப வேண்டிய தேவை எழவில்லை.